உடம்பு முதல்தரம், கைகால் சுமார்: 1:144 கொர்வெட் மொடல் கிட்

இந்தக் கிட்டில் காசு கொடுத்து வாங்க வேண்டியது கப்பலின் உடம்பு ஒன்றுதான். பீரங்கி, கைப்பிடிக் கம்பி, பாய்மரம் எல்லாம் பெட்டிக்குள் கூட வருகின்றன. அவற்றை நம்பி வாங்கினால் ஏமாற்றம். உடம்புக்காக வாங்கினால் கொடுத்த காசு வீண் போகாது.

சாமான் என்னவென்றால், இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஃபிளவர் வகுப்புக் கொர்வெட், அதாவது நீர்மூழ்கிகளைத் துரத்துகிற சின்னக் காவல் போர்க்கப்பல், 1:144 அளவு. உண்மைக் கப்பல் 205 அடி. மேசையில் வைத்தால் 43 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட வரும். பெரிய கொம்பனிகளின் பிளாஸ்ரிக் கிட் அல்ல. வெளிநாட்டில் ஒரு தனி ஆள் தன் வீட்டு 3டி பிரின்டரில் ரெசினில் எடுத்து இணையத்தில் விற்கிறார். கீழே அவருடைய வேலையில் நிறையக் குறை சொல்லப் போகிறேன், ஆகவே பெயர் போடவில்லை. தனி ஆளின் வயிற்றில் அடிக்க விருப்பமில்லை.

எனக்கு யாழ்ப்பாணம் குருநகரில் லேத் பட்டறை. வள்ளத்து எஞ்சின்களின் ஷாப்ட் கடைவது, வளைந்த புறொப்பெல்லர் நிமிர்த்துவது, புஷ் அடித்துக் கொடுப்பது என்று பிழைப்புப் போகிறது. மொடல் கட்டுவது இரவுப் பொழுதுபோக்கு. ஆகவே என்னுடைய பார்வை வேறு. போர்க்கப்பல் மொடல் கட்டுகிறவர்கள் முதலில் பீரங்கியைப் பார்ப்பார்கள். நான் கப்பலைக் கவிழ்த்து வைத்துத் தண்ணீருக்குக் கீழே இருக்கிற பகுதியைப் பார்ப்பேன்.

அங்கேதான் இந்தக் கிட் என்னைப் பிடித்துப் போட்டது. ஃபிளவர் வகுப்பின் பிறப்பே திமிங்கில வேட்டைக் கப்பலில் இருந்துதான். இங்கிலாந்தின் வடகிழக்கில் ரீஸ் ஆற்றங்கரையில் இருந்த ஸ்மித்ஸ் டொக் கொம்பனி, ‘சதர்ன் பிரைட்’ என்ற திமிங்கில வேட்டைக் கப்பலை 1936இல் கட்டியிருந்தது. போர் வரப்போகிறது, நீர்மூழ்கிகளைத் துரத்தக் கரையோரக் காவல் கப்பல் நிறைய வேண்டும், அதுவும் கெதியாக வேண்டும் என்று பிரித்தானியக் கடற்படை தேடியபோது, அந்தக் கொம்பனியின் வடிவமைப்பாளர் வில்லியம் ரீட் அதே வேட்டைக் கப்பலை நீட்டி, பெருப்பித்து வரைந்து கொடுத்தார். 1939இல் ஓடர் போனது. போர்க்கப்பலே கட்டிப் பழகாத சின்னச் சின்னத் துறைகளும் கட்டக்கூடியதாக இருந்ததுதான் அந்த வரைபடத்தின் கெட்டித்தனம். டர்பைன் கிடையாது, கியர் கிடையாது. நீராவியை மூன்று படியாக விரிய விட்டு வேலை வாங்குகிற நாலு சிலிண்டர் எஞ்சின் ஒன்று, கொதிகலன் இரண்டு, ஷாப்ட் ஒன்று, புறொப்பெல்லர் ஒன்று. 2,750 குதிரைவலு. வணிகக் கப்பலில் வேலை செய்த எந்த எஞ்சின்காரனும் வந்து ஓட்டலாம்.

போர்க்கப்பல் என்றால் நீளமாய், ஒடுங்கலாய், கத்தியாய் இருக்கும். இது அப்படியில்லை. 62 மீற்றர் நீளத்துக்குப் பத்து மீற்றர் அகலம். வயிறு உருண்டு, முன்முனையான அணியம் மேலே நன்றாகத் தூக்கி, பின்பக்கம் வளைந்து உள்ளே சுருங்கும். இந்த வளைவுகளை 3டி பிரின்டில் எடுப்பது லேசான வேலை இல்லை. வரைபடத்தில் இருந்து குறுக்குவெட்டுகளைச் சுருக்கி, மட்டையில் வெட்டி, வள்ளம் கட்டுகிற தச்சன்மார் அச்சு வைத்துப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக உடம்பில் வைத்துப் பார்த்தேன். அணியத்தில் ஒரு தலைமயிர் இடைவெளி. நடுவில் அதுவும் இல்லை. கடைசியில், புறொப்பெல்லருக்கு மேலே தண்ணீர் ஓடிவந்து சேருகிற அந்த இறுக்கமான இடத்தில்கூடப் பிழை பிடிக்க முடியவில்லை. இந்த ஆள் ஒழுங்கான வரைபடத்தை வைத்து வேலை செய்திருக்கிறார், படத்தைப் பார்த்து ஊகித்து அல்ல.

உடம்பு மூன்று துண்டாக வருகிறது. பிரின்டருக்குள் 43 சென்ரிமீற்றர் அடங்காது, அதனால். பொருத்து முளைகள் இறுக்கம். கொஞ்சம் அரத்தால் தட்டினால் உட்காரும். முதல் பொருத்து, கப்பலை ஓட்டுகிற மேடைக்குக் கீழே வருவதால் மறைந்துவிடும். மற்றது எஞ்சின் அறைக்கு மேலே வெளியில் தெரியும், அதற்குப் புட்டி வைத்துத் தேய்க்க வேண்டும். பின்பக்க வளைவில் பிரின்டரின் படிக்கட்டுக் கோடுகளும் இருக்கின்றன. 400ஆம் நம்பர் தண்ணீர்ப் பேப்பர், பிறகு 800. தேய்க்கிறபோது தண்ணீரோடு தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள். ரெசின் தூள் நெஞ்சுக்குக் கூடாது.

வயிற்றின் இரண்டு பக்கமும் ஓடுகிற ஆட்டம் தடுக்கும் பலகைகள் தனிப் பட்டைகளாக வருகின்றன. இந்தக் கப்பல்களின் ஆட்டம் பெயர்போனது. நனைந்த புல்லில் விட்டாலும் உருளும் என்று அதில் இருந்த மாலுமிகளே பகிடி விடுவார்களாம். கரையோரத்துக்கு என்று கட்டிய சாமானை, வேறு கப்பல் இல்லாததால் வட அத்திலாந்திக்குக்கு அனுப்பினால் வேறென்ன நடக்கும்? கப்பல் கட்டை, கடலின் திரை நீளம். ஒவ்வொரு திரையிலும் ஏறி ஏறி இறங்கியிருக்கும். ஆனால் தாழவில்லை. அந்த உருண்ட வயிறுதான் தாங்கியது. பிறகு வந்த கப்பல்களில் இந்தப் பலகைகளை ஆழமாக்கினார்கள். கிட்டில் இருப்பவை ஆரம்பகாலத்து ஒடுங்கல் பலகைகள், சரியான இடத்தில் கோடும் கீறி வைத்திருக்கிறார்.

அணியத்து மேல்தளமும் ஆரம்பகாலக் குட்டைத் தளம்தான். இதைப் பார்க்கத்தான் எனக்கு அந்த மாலுமிகளின் பாடு விளங்கியது. ஆக்கள் படுப்பதும் சாப்பிடுவதும் முன்பக்கத்தில், குசினி பின்பக்கத்தில். நடுவில் திறந்த தளம், பாய்மரம் நிற்கிற பள்ளம். சமைத்த சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு அந்தத் திறந்த இடத்தால் முன்னுக்குப் போக வேண்டும். கடல் மேலே ஏறி அடிக்கிற நாளில் சாப்பாடு ஆறி, உப்புத் தண்ணீரும் கலந்துதான் போய்ச் சேரும். பிறகு தளத்தைப் புகைபோக்கிக்குப் பின்னால் வரை நீட்டினார்கள். இந்தச் சின்ன உடம்புக்குள் 85 பேர் அளவில் இருந்திருக்கிறார்கள். மொடலில் அந்தப் பள்ளத்துக்குள் விரல் நுழையாது. பெயின்ற் அடிக்க நீளமான, மெல்லிய பிரஸ் வேண்டும்.

இனிக் குறைகள்.

முன் பீரங்கி. முதல் உலகப் போர்க்காலத்து 4 அங்குலப் பீரங்கியைத்தான் இந்தக் கப்பல்களுக்குத் தூசு தட்டிக் கொடுத்தார்கள். கிட்டில் அதன் குழாய் அவித்த பயித்தங்காய் மாதிரி வளைந்து கிடந்தது. சுடுதண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, நேர் பலகையில் வைத்தால் ரெசின் நிமிரும், நிமிர்ந்தது. யாழ்ப்பாணத்து வெக்கைக்குக் கொஞ்ச நாளில் திரும்ப வளையத் தொடங்கிவிட்டது. பித்தளைக் கம்பியை லேத்தில் கடைந்து, மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்று மேலே, வாய்ப்பக்கம் 0.7 மி.மீ. துளை போட்டு வைத்தேன். எல்லோரிடமும் லேத் இருக்காது. ஊசிக்குழாய்த் துண்டு ஒன்றும் போதும்.

கைப்பிடிக் கம்பிகள் இன்னும் மோசம். அரை மில்லிமீற்றர் மொத்தத்தில் பிரின்ட் எடுத்திருக்கிறார். 144ஆல் பெருக்கிப் பாருங்கள், உண்மைக் கப்பலில் ஏழு சென்ரிமீற்றர் மொத்தக் குழாய்! மாலுமி பிடிக்கக் கை காணாது. எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு, வயரிங் வயருக்குள் இருக்கிற 0.2 மி.மீ. செப்பு நரம்பை உருவி, ஈயம் வைத்து ஒட்டினேன். பொறுமை தின்கிற வேலை, ஆனால் கப்பலின் முகமே மாறிவிட்டது.

பாய்மரம் தபாலில் வருகிறபோதே இரண்டாக முறிந்திருந்தது. விற்றவருக்குப் படம் அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் இன்னொன்று அனுப்பி வைத்தார், அதற்குக் காசு கேட்கவில்லை. அதுவும் வருகிறபோது முறிந்துதான் வந்தது. பித்தளைக் கம்பியே கதி. கயிறுகளுக்கு இங்கே எங்களுக்கு ஒரு வசதி: கிழிந்த தங்கூசி (நைலோன்) வலை. மிக மெல்லிய கண்ணி வலையில் இருந்து உருவிய நூலைக் கட்டி, எரிகிற ஊதுபத்தியைக் கிட்டக் கொண்டுபோனால் தானாக இறுகி விறைக்கும். தொட்டால் அறுந்துவிடும், தொடாமல் பிடிக்க வேண்டும்.

நீராழக் குண்டுகள் நன்று. பின்பக்கத் தண்டவாளம் இரண்டும், பக்கத்துக்கு ஒன்றாக எறிகருவி இரண்டும், 40 குண்டுப் பீப்பாய்களும் தந்திருக்கிறார். ஒரு பீப்பாய் மூன்று மி.மீ. மொத்தம், ஐந்து மி.மீ. நீளம். கீழே விழுந்தால் தேட வேண்டாம், எறும்பு கொண்டுபோனதாக நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அந்தப் பீப்பாய் ஒவ்வொன்றுக்குள்ளும் 290 இறாத்தல் வெடிமருந்து. எந்த ஆழத்தில் வெடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே திருகி வைத்து, நீர்மூழ்கிக்கு மேலாக ஓடிக்கொண்டே பின்னால் உருட்டி விடுவார்கள்.

பின்னால் என்பதுதான் சிக்கல். அஸ்டிக் என்ற கருவி தண்ணீருக்குள் ஒலி அனுப்பி, நீர்மூழ்கியில் பட்டுத் திரும்புகிற எதிரொலியை வைத்துத் தூரம் சொல்லும். எங்கடை வள்ளங்களில் மீன் பார்க்கப் பூட்டுகிற எக்கோ சவுண்டரும் அதே தத்துவம்தான். அது நேர் கீழே பார்க்கும், அஸ்டிக் முன்னுக்குப் பார்த்தது. நீர்மூழ்கிக்குக் கிட்டப் போகப் போக எதிரொலி கைவிட்டுவிடும். அதாவது குண்டு போடுகிற கடைசி நேரத்தில் கப்பல் குருடு. கீழே இருக்கிறவன் அந்த நேரத்தில் திரும்பினால் தப்பினான். இதற்கு மருந்தாகத்தான் ஹெட்ஜ்ஹொக் வந்தது. எதிரொலி கேட்டுக்கொண்டிருக்கிறபோதே 24 சிறு குண்டுகளை முன்னுக்கு எறியும், முட்டினால் மட்டுமே வெடிக்கும். கிட்டில் ஹெட்ஜ்ஹொக்கும் இருக்கிறது, பின்னாளைய ராடர்க் கூண்டும் இருக்கிறது. நான் கட்டியது 1940இன் தோற்றம், அப்போது இரண்டும் இல்லை. இரண்டும் டப்பாவுக்குள் போய்விட்டன. இன்னொரு விசயம், கப்பலின் வேகம் 16 நொட். ஜேர்மன் நீர்மூழ்கி மேலே வந்து ஓடினால் 17க்கு மேலே. துரத்துகிறவனைவிடத் துரத்தப்படுகிறவன் வேகம்! இப்படியிருந்தும் சரக்குக் கப்பல் கூட்டங்களைக் கொர்வெட் மாலுமிகள் காத்துக்கொண்டு போனதை நினைத்தால், அந்த வரைபடத்தை விட மனிசர்களைத்தான் மெச்ச வேண்டும்.

நம்பர் ஸ்ரிக்கர் தாளில் ஒரு நல்ல யோசனை செய்திருக்கிறார். ஒரு கப்பலின் நம்பரை மட்டும் அச்சடிக்காமல், 0 முதல் 9 வரை பல தடவை தந்திருக்கிறார். எந்தக் கப்பல் வேண்டுமோ அதைக் கட்டலாம். பெட்டியில் இருந்த படம் வெள்ளையும் வெளிர் நீலமும் பச்சையும் பூசிய கப்பல். பறவைகள் வரைந்த ஓவியர் பீற்றர் ஸ்கொட் போர்க்காலத்தில் அத்திலாந்திக்குக்கு என்று யோசித்த மறைப்பு நிறக்கட்டு அது. வடிவுதான். நான் வெறும் சாம்பலில், கே 64 என்று ஒட்டினேன். ஹொலிஹொக்.

ஏன் ஹொலிஹொக் என்றால், அது கிடப்பது எங்கள் கடலில். 1942 ஏப்ரல் 5 உயிர்த்த ஞாயிறு அன்று யப்பானிய விமானங்கள் கொழும்பை அடித்தன. 9ஆம் திகதி திருகோணமலை. அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் விமானந்தாங்கி ஹெர்மிஸையும் அதோடு போன ஆஸ்திரேலிய நாசகாரி வம்பையரையும் தாழ்த்தினார்கள். ஹெர்மிஸைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், சுழியோடிகள் போய்ப் பார்க்கிறார்கள். அதே நாளில், அதே பக்கத்தில், அதெல்ஸ்ரேன் என்ற எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாகப் போன இந்தச் சின்னக் கொர்வெட்டும் எண்ணெய்க் கப்பலோடு சேர்ந்து தாண்டது. நீர்மூழ்கி பிடிக்கக் கட்டிய கப்பலுக்கு மேலே இருந்து வருகிற குண்டுக்கு என்ன பதில் இருக்கும்?

வேலைக்கு உதவியாக உண்மைக் கப்பலின் படம் வேண்டுமென்றால் உலகில் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, கனடாவின் ஹலிஃபக்ஸில் இருக்கிற சக்வில். எங்கடை ஆக்கள் பாதிப் பேர் கனடாவில்தானே என்று கேட்காதீர்கள். ரொறன்ரோவுக்கும் ஹலிஃபக்ஸுக்கும் தூரம் பெரிது. எனக்கு மைத்துனர் மகன் ஒருவன் வேலையாக அந்தப் பக்கம் போனபோது நிறையப் படம் எடுத்து அனுப்பினான். காற்றுக் குழாய்கள், சங்கிலி சுற்றி, படிக்கட்டு எல்லாவற்றுக்கும் உதவியது. ஆனால் சக்வில் நீட்டிய தளமுள்ள பின்னாளைய தோற்றத்தில் இருக்கிறது. ஆரம்பகாலக் கப்பல் கட்டுகிறவர்கள் நடுப்பகுதிக்கு அதைப் பார்த்தால் குழம்பிவிடும்.

இதே வில்லியம் ரீட் கொர்வெட்டின் குறைகளைப் பார்த்து அடுத்து வரைந்தது ரிவர் வகுப்பு ஃபிரிகேட். அதில் கனடாவுக்காகக் கட்டிய ஹலோவெல், இஸ்ரேலுக்குப் போய், 1959இல் இலங்கைக் கடற்படைக்கு வந்து ‘கஜபாகு’ ஆனது. அந்தக் கப்பலுக்கும் இவர் ஒரு கிட் போட்டால் நான் முதல் ஆளாக வாங்குவேன். அதையும் எழுதிக் கேட்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு கட்டுகிறவர்களுக்கு: ரெசினுக்குப் பிளாஸ்ரிக் கிட் பசை பிடிக்காது, சூப்பர் குளூ வேண்டும். வந்த உடனே பாகங்களை ஒருதரம் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கழுவுங்கள், எந்தப் பாமசியிலும் கிடைக்கும். கழுவாவிட்டால் பெயின்ற் தோல் உரிந்து வரும். பிரைமருக்கு மொடல் கடை தேடி அலைய வேண்டாம், ஸ்ரான்லி வீதிப் பக்கம் வாகனப் பெயின்ற் விற்கிற கடைகளில் சாம்பல் ஸ்பிரே பிரைமர் இருக்கும். மெல்லிசாக இரண்டு தரம் அடித்தால் போதும். மழைக்காலத்தில் அடிக்க வேண்டாம், ஈரத்தில் வெள்ளை பூக்கும். செய்முறைத் தாள் என்று ஒன்று இருக்கிறது, நாலு மங்கல் படம். எந்தக் காற்றுக் குழாய் எங்கே என்று அதில் கண்டுபிடிப்பதற்குப் பதில் சக்வில் படத்தைப் பாருங்கள்.

பட்டறை மேசையில் வைத்துக் கட்டுகிறபோது வருகிறவர்கள் எல்லாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனதில்லை. சாம்பல் நிறக் கப்பல் என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் நல்ல ஞாபகம் வராது, அதை நான் விளக்கத் தேவையில்லை. எஞ்சின் கொண்டுவந்த சம்மாட்டியார் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“என்ன அண்ணை, நேவியைக் கடலிலை காணுறது காணாதெண்டு பட்டறைக்குள்ளையும் கொண்டந்து வைச்சிருக்கிறியள்?”

“இது வெள்ளைக்காரன்ரை பழைய கப்பல். நாப்பத்திரண்டிலை மட்டக்களப்புக்கு அங்காலை தாண்டது.”

“தாண்டதோ? அப்ப இருக்கட்டும்.”

பிறகு அவரே குனிந்து, கண்ணை ஒரு பக்கம் சுருக்கி, அணியத்தை நேர்பிடித்துப் பார்த்தார். “அணியம் நல்லா எடுத்திருக்கிறான். திரைக்கு ஏறும்” என்றார். கடலில் ஐம்பது வயது போன மனிசன் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு மேலே இந்தக் கிட்டுக்கு நற்சான்றிதழ் வேண்டியதில்லை. வீட்டில் மட்டும் இடம் கிடைக்கவில்லை. முன் ஹோலில் வைக்கவே கூடாது என்று மனிசி உத்தரவு. பட்டறை அலுமாரியில், போல்ட் பெட்டிகளுக்கு மேல் இருக்கிறது.

விலை, தபால், சுங்கம் எல்லாம் சேர்த்து இருபதாயிரம் ரூபாயைத் தொட்டுவிட்டது. அதே காசுக்குப் பெரிய கொம்பனிகளின் பிளாஸ்ரிக் கிட் எடுத்தால் பீரங்கியும் கம்பியும் இதைவிடத் துப்புரவாக இருக்கும், கட்டுவதும் லேசு. முதன்முதலாகக் கட்டுகிறவர்களும் பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்களும் அந்தப் பக்கம் போவது நல்லது. ஈயம் ஒட்ட, கம்பி வளைக்கப் பழக்கமுள்ளவர்களுக்கு இது. உடம்பை அவர் தருவார், மிச்சத்தை நீங்கள் செய்ய வேண்டும்.

நீர்மூழ்கி வேட்டைக்கு இன்றைய சின்னக் கப்பல்தான் வேண்டும் என்றால் இந்தியாவின் அர்னாலா வகுப்பை யாராவது கிட்டாக எடுக்க வேண்டும். முதல் கப்பல் 2025 ஜூனில் விசாகப்பட்டினத்தில் சேவைக்கு வந்தது. 77 மீற்றர், ஆழம் குறைந்த கடலுக்கென்றே கட்டியது, புறொப்பெல்லருக்குப் பதில் தண்ணீரைப் பீச்சி ஓடுகிறது. எனக்கு அதில் கை வைக்க ஆசை இல்லை. புறொப்பெல்லர் இல்லாத கப்பலில் எனக்கென்ன வேலை?

அதைச் சொல்லத்தான் மறந்தேன், கிட்டின் புறொப்பெல்லரில் ஓர் இலை மற்றதைவிட மொத்தம். தேய்த்துச் சரிசெய்யலாம். சுக்கான் நன்று.

ஓடர் போடுகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். பாய்மரத்தையும் பீரங்கிக் குழாயையும் கடின அட்டைக் குழாய்க்குள் போட்டு அனுப்பச் சொல்லி முதலே எழுதுங்கள். கேட்டால் செய்வார், நல்ல மனிசன். கேட்காவிட்டால் குமிழித் தாளில் சுற்றி விடுவார், அது கொழும்பு தாண்டாது.